பித்தப்பைக் கல்லைக் குளிசையால் கரைக்கலாமா? உர்சோ பற்றிய இழை

வாசகர் கேள்வி, 2025 பெப்ரவரி 4

நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 61. வயிற்று ஸ்கானில் பித்தப்பைக்குள் 8 மில்லிமீற்றர் அளவில் ஒரு கல் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது என்கிறார் சத்திரசிகிச்சை நிபுணர். அயல்வீட்டு மாமாவோ, உர்சோ என்றொரு குளிசை இருக்கிறது, ஆறு மாதம் போட்டால் கல் கரைந்துவிடும், வெட்டத் தேவையில்லை என்கிறார். அது கரடியின் பித்தத்திலிருந்து வருவதாகவும் சொல்கிறார். ரீச்சர் இந்த மருந்தைப் பல வருடங்களாகப் பாவிப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். எது சரி என்று சொல்ல முடியுமா?

பெப்ரவரி 4, இரவு

தம்பி, மாமா சொன்னதில் பாதி உண்மை. அப்பாவின் முடிவு மற்றப் பாதியில்தான் தங்கியிருக்கிறது.

உர்சோ என்பது உர்சோடியொக்சிகோலிக் அமிலத்தின் சுருக்கப் பெயர். அது கரைப்பது கொலஸ்ரரோல் கற்களை மட்டுமே. ஈரல் பித்தத்துக்குள் விடும் கொலஸ்ரரோலின் அளவை அது குறைக்கிறது. அப்படிக் கொலஸ்ரரோல் குறைந்த பித்தம் கல்லைச் சூழ்ந்திருக்கும்போது, கல்லின் மேற்பரப்பிலிருந்து கொலஸ்ரரோல் சிறிது சிறிதாகப் பித்தத்துக்குத் திரும்புகிறது. பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியும் கல்சியமும் சேர்ந்து உண்டான நிறமிக் கற்களை அது தொடுவதேயில்லை. தலசீமியா போன்று செங்குருதிக் கலங்கள் உடைகிற நோயுள்ளவர்களுக்கு வரும் கறுப்புக் கற்களும், பித்தநாளத் தொற்றோடு சேர்ந்து வருகிற, நமது ஆசிய நாடுகளில் மேற்கு நாடுகளைவிட அதிகமாகக் காணப்படும் கபிலநிறக் கற்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஸ்கான் கல் இருப்பதைச் சொல்லும். அது எதனால் ஆனது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

கொலஸ்ரரோல் கல்லாகவே இருந்தாலும் நிபந்தனைகள் உண்டு. கல் எக்ஸ்ரேயில் தெரியக்கூடாது, ஏனென்றால் தெரிந்தால் அதில் கல்சியம் படிந்துவிட்டது என்று பொருள். பித்தப்பை சுருங்கி விரியும் நிலையில் இருக்க வேண்டும், அதன் குழாய் அடைபட்டிருக்கக்கூடாது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்களிலேயே பலன் அதிகம். 10 வரை ஓரளவு நம்பிக்கை உண்டு. 20 மில்லிமீற்றரைத் தாண்டினால் முயல்வதில் அர்த்தமில்லை. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் வீதம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை போட வேண்டும். கரைந்த பிறகு மருந்தை நிறுத்தினால், ஐந்து வருடங்களுக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கல் மீண்டும் வருகிறது. பித்தப்பை இருந்த இடத்திலேயே இருப்பதால் இதில் வியப்பில்லை.

ஆகவே அப்பாவிடம் முதலில் கேட்க வேண்டியது வலி வந்ததா என்பது. கொழுப்புணவு சாப்பிட்ட பின் வலப்பக்க மேல்வயிற்றில் தொடங்கி வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஏறுகிற, அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கிற வலி வந்திருந்தால், சத்திரசிகிச்சை நிபுணர் சொல்வதுதான் உலகெங்கும் வழமையான பதில். ஒருபோதும் வலி வராமல், வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கானில் தற்செயலாகத் தெரிந்த கல் என்றால், குளிசையோ சத்திரசிகிச்சையோ இல்லாமல் கவனித்துக்கொண்டிருப்பதே பல வேளைகளில் போதுமானது. பெரும்பாலான பித்தப்பைக் கற்கள் வாழ்நாள் முழுதும் தொந்தரவு தருவதில்லை.

காய்ச்சல், நடுக்கம், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று வலியோடு சேர்ந்து வந்தால் இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

பெப்ரவரி 5

கரடி பற்றிய கேள்விக்கு நேற்று இடம் போதவில்லை.

கரடிப் பித்தம் சீன வைத்தியத்தில் மிகப் பழையது, கி.பி. 659இல் தாங் வம்ச காலத்தில் தொகுக்கப்பட்ட மருந்து நூலிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. இந்த அமிலத்தை 1902இல் துருவக் கரடியின் பித்தத்தில் முதலில் கண்டவர் சுவீடனைச் சேர்ந்த ஹமர்ஸ்டன். அதைப் பளிங்காகப் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் ஜப்பானின் ஒக்கயாமாவில் பணியாற்றிய ஷோதா; அது 1927. 1950களில் ஜப்பானிலேயே அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே இன்று வெள்ளவத்தை மருந்தகத்தில் வாங்கும் குளிசைக்கும் கரடிக்கும் தொடர்பில்லை. ஆனால் ஆசியக் கருங்கரடியைக் கூண்டிலடைத்துப் பித்தம் வடிக்கும் பண்ணைகள் இன்னும் சில நாடுகளில் இயங்குகின்றன. அதே மூலக்கூறு ஆய்வுகூடத்தில் தூய்மையாகக் கிடைக்கும்போது இது நடப்பது எனக்குத் தாங்க முடியாத கொடுமையாகவே படுகிறது.

நம் உடலிலும் இந்த அமிலம் இருக்கிறது. ஈரல் தயாரிக்கும் முதன்மைப் பித்த அமிலங்களில் ஒன்று கீனோடியொக்சிகோலிக் அமிலம். குடலிலுள்ள பற்றீரியாக்கள் அதன் ஏழாவது காபனிலுள்ள ஐதரொட்சில் கூட்டத்தை மறுபக்கம் திருப்பிவிட்டால் கிடைப்பது உர்சோ. மனிதப் பித்தத்தில் அதன் பங்கு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்றளவுதான். உயர்தர வகுப்பில் சேதன இரசாயனம் படிப்பித்த காலத்தில், ஒரே சூத்திரமுள்ள இரண்டு சேர்வைகள் ஏன் வேறு வேறாக நடக்கின்றன என்று மாணவர் கேட்டால் வேறு உதாரணங்களைத்தான் சொல்வேன். இன்றைக்கென்றால் இதைத்தான் சொல்வேன். எல்லாப் பித்த அமிலங்களும் எண்ணெய்ச் சட்டியில் சவர்க்காரம் செய்யும் வேலையைக் குடலில் செய்கின்றன. ஆனால் அதே தன்மை காரணமாக அவை செறிந்து தேங்கும் இடத்தில் கலங்களின் மென்சவ்வையும் அரிக்கின்றன. ஒரு ஐதரொட்சில் திரும்பியதால் உர்சோ நீரை அதிகம் விரும்புவதாகிவிடுகிறது, அரிக்கும் குணமும் வெகுவாகக் குறைகிறது. 1970களில் கல் கரைக்க முதலில் கொடுக்கப்பட்டது கீனோடியொக்சிகோலிக் அமிலம்தான். அது வயிற்றோட்டத்தையும் ஈரல் நொதிய உயர்வையும் உண்டாக்கியதால் உர்சோ அதன் இடத்தைப் பிடித்தது.

பெப்ரவரி 9

“ரீச்சருக்கும் கல்லா?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. எனக்கு இருப்பது பிறைமரி பிலியரி கொலஞ்சைற்றிஸ். உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தநாளங்களைத் தாக்கி அழிக்கும் நோய். நோயாளர்களில் மிகப் பெரும்பாலானோர் நடுவயதுப் பெண்கள்.

அது அரிப்பாகத் தொடங்கியது. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, தோலில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பகலில் மறந்திருக்கலாம்; இரவில் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் தொடங்கி முழங்கால் வரை ஏறும். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுவிட்டு, கட்டிலிலிருந்து இறங்கி, வெறும் சீமெந்துத் தரையில் பாதங்களை அழுத்தி வைத்துக்கொண்டு விடியும் வரை இருந்திருக்கிறேன். கொழும்பு வெக்கை என்றார்கள், சவர்க்காரத்தை மாற்றச் சொன்னார்கள், களிம்புகள் தந்தார்கள். ஒரு தனியார் வைத்தியசாலையில், மாதவிடாய் நிற்கும் வயதில் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஓர் இளம் வைத்தியர் ஈரல் பரிசோதனை எழுதித் தந்தார். பித்தம் தேங்கும்போது இரத்தத்தில் உயரும் நொதியமான அல்கலைன் பொஸ்பட்டேஸ் வழமையான மேலெல்லையின் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பிறகு, கலங்களுக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணிக்கு எதிரான பிறபொருளெதிரிப் பரிசோதனை. இந்நோயுள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது நேர் (பொசிற்றிவ்) என்று வரும். எனக்கும் அப்படியே வந்தது.

இந்த நோயில் உர்சோ ஒரு மேலதிக உதவியல்ல, முதற் சிகிச்சையே அதுதான். 1987இல் பிரான்சின் பூப்போன் குழுவினர் முதல் அறிக்கையை வெளியிட்டனர். 1991இல் 146 நோயாளர்களிடம் இரண்டு வருடம் நடத்திய ஒப்பீட்டு ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவில் கல்லுக்கு 1987இலும் இந்த நோய்க்கு 1997இலும் அனுமதி கிடைத்தது. மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்கள் ஈரல் மாற்றுச் சிகிச்சையின்றி நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பதைப் பல நாட்டுத் தரவுகள் காட்டுகின்றன. அளவு கல்லுக்குரியதல்ல: ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 780 முதல் 900 வரை வரும்.

மருந்து தொடங்கியதும் அரிப்பு நின்றுவிடும் என்று நம்பி ஏமாறாதீர்கள். உர்சோ நோயின் வேகத்தைக் குறைக்கிறது. அரிப்புக்கு அது நம்பத்தகுந்த மருந்தல்ல. அரிப்புக்காகத் தந்தது கொலஸ்ரைரமின் தூள். எவ்வளவு கலக்கினாலும் கரையாமல், தோடம்பழச் சாற்றின் அடியில் மெல்லிய மணலாகத் தங்கி, கடைசி மிடறில் பல்லிடுக்கில் நெறுநெறுக்கும். அதுதான் என்னைத் தூங்க வைத்தது.

பெப்ரவரி 10

மேலேயுள்ளதற்கு ஒரு சேர்க்கை. அளவை எடையைக் கொண்டு கணக்கிடுவதால், எடை மாறினால் அளவும் மாற வேண்டும். கிளினிக்கில் தராசில் ஏறாமல் பழைய துண்டைப் பார்த்து அதே அளவை எழுதும்போது நாம்தான் நினைவூட்ட வேண்டும். உர்சோ தொடங்கிய முதல் வருடத்தில் இரண்டொரு கிலோ கூடுவது பலருக்கு நடக்கிறது. சிலருக்கு மலம் இளகிப்போகும், சிலருக்கு முடி மெலியும். இவற்றைத் தவிர இது பொதுவாகச் சாந்தமான மருந்து.

பெப்ரவரி 16

தெஹிவளையிலிருந்து எழுதியவருக்கும், அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்ட மூவருக்கும் சேர்த்துப் பதில். “ஸ்கானில் ஈரலில் கொழுப்பு என்றார்கள், உர்சோ எழுதித் தந்தார்கள், எவ்வளவு காலம் போட வேண்டும்?”

இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம் இதுவே. உர்சோ ஈரலுக்கான பொதுச் சத்து மருந்தல்ல. ஜப்பானில் 1950களின் பிற்பகுதியில் அது ஈரல் ரொனிக்காகத்தான் முதலில் சந்தைக்கு வந்தது. அந்தப் பெயர் ஆசியா முழுவதும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரல் நொதியம் கொஞ்சம் கூடினால் உர்சோ, கொழுப்பு என்றால் உர்சோ, மது அருந்துகிறவருக்கு உர்சோ. கொழும்புக்கு வடக்கே ராகமவில் நடந்த சமூக ஆய்வு 2009இல் வெளியானபோது, வளர்ந்தோரில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்ததாகக் காட்டியது. அத்தனை பேருக்கும் இந்த மருந்தைக் கொடுத்தால் மருந்தகங்களுக்கு நல்லது. ஈரலுக்கு?

2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கொழுப்பினால் ஈரல் அழற்சி வந்த 166 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடம் உர்சோவும் மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து ஈரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். வேறுபாடு இருக்கவில்லை. நொதிய எண் சற்றுக் குறைந்தால் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகிழ்கிறோம், ஆனால் எண் குறைவதும் ஈரல் குணமாவதும் எப்போதும் ஒன்றல்ல. இந்த நோயில் நிரூபிக்கப்பட்டது எடைக் குறைப்பும் நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும் நடையும்தான். இரவு பத்து மணிக் கொத்துரொட்டியை விடாமல் காலையில் உர்சோவைப் போடுவதில் பயனில்லை.

அதனால் மருந்துத் துண்டில் இந்தப் பெயரைக் கண்டால், “எந்த நோய்க்கு எழுதியிருக்கிறீர்கள்?” என்று வைத்தியரிடம் கேளுங்கள். அது மரியாதைக்குறைவான கேள்வியல்ல. பதில் ஒரு நோயின் பெயராக வந்தால் நல்லது. “ஈரலுக்கு நல்லது” என்று வந்தால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

பெப்ரவரி 17

இதை வாசித்துவிட்டு ஒருவர் தன் மருந்தை நேற்றே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த நோய்க்கு என்று அறிந்த பிறகு எழுதித் தந்த வைத்தியரோடு பேசித்தான் நிறுத்த வேண்டும். என்னுடைய நோய் உள்ள ஒருவர் இடையில் நிறுத்தினால் ஈரலுக்குள் நடப்பது வெளியே தெரிய நீண்ட காலம் எடுக்கும், தெரியும்போது இழந்ததைத் திரும்பப் பெற முடியாது.

கொழுப்பு ஈரல் உள்ளவருக்கும் உர்சோ தேவைப்படும் ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. சத்திரசிகிச்சையாலோ மிகக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டாலோ வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் புதிதாகக் கல் உண்டாகிறது. இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்களிடம் நடத்திய 1995ஆம் ஆண்டு ஆய்வில், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கும், நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் உர்சோ எடுத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கும் கல் வந்தது. இங்கே அது தெளிவான வேலையைச் செய்கிறது.

பெப்ரவரி 24

பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் அம்மா, தான் தீவிர சைவம் என்றும் கரடி இல்லையென்றால் இது எதிலிருந்து வருகிறது என்றும் கேட்டிருக்கிறார். மருதானையிலிருந்து ஒரு சகோதரர், பன்றி சம்பந்தப்பட்டதா என்று கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

உலகில் தயாராகும் உர்சோவின் பெரும்பகுதி மாட்டுப் பித்தத்திலிருந்து தொடங்குகிறது. இறைச்சிக்கூடங்களில் சேகரிக்கப்படும் பித்தத்திலிருந்து கோலிக் அமிலத்தைப் பிரித்து, அதைப் படிப்படியாக இரசாயன முறையில் மாற்றுகிறார்கள். வேறு விலங்குகளின், பறவைகளின் பித்தத்திலிருந்தும் தொடங்கலாம்; தாவர ஸ்டெரோலிலிருந்து தொடங்கும் முறைகளும் உருவாகியிருக்கின்றன. குளிசைப் பட்டியில் இவை அச்சிடப்படுவதில்லை. கப்சூலாக இருந்தால் அதன் உறை பெரும்பாலும் ஜெலற்றின், அதுவும் விலங்கிலிருந்தே வரும். ஆகவே உறுதியாக அறிய விரும்புகிறவர்கள் மருந்தாளரிடம் உற்பத்தியாளரின் பெயரை வாங்கி, மூலப்பொருள் எது என்று எழுதிக் கேட்பதே வழி. குளிசையாகக் கிடைத்தால் ஜெலற்றின் பிரச்சினையாவது குறையும்.

நான் சைவ உணவுக்காரி. கந்தசஷ்டி விரதத்திலும் இதைப் போடுகிறேன். மாட்டுப் பித்தம் என்று அறிந்த நாளில் மனம் கனத்தது உண்மை. உயிரைக் காக்க வேறு மருந்து இல்லாதபோது இதை எடுப்பது என் சமயத்துக்கு எதிரானதல்ல என்று நான் தீர்மானித்தேன். மற்றவர்கள் தத்தம் பெரியவர்களோடும் மௌலவிகளோடும் பேசித் தீர்மானிக்க வேண்டும், ஆனால் உண்மையை அறிந்த பின் தீர்மானிக்க வேண்டும்.

நோன்பு தொடங்கப்போவதால் இன்னொன்று: என்னுடைய நோயில் நாளுக்குரிய அளவை ஒரே வேளையில் எடுக்கலாம், பிரித்தும் எடுக்கலாம். மூன்று வேளை எடுப்பவர்கள் அதை சஹருக்கும் இப்தாருக்கும் மாற்றுவது பற்றி வைத்தியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். உணவோடு எடுத்தால்தான் நன்றாக உறிஞ்சப்படுகிறது.

மார்ச் 2

ஒரு தங்கை, எட்டாம் மாதக் கர்ப்பிணி, இரவில் உள்ளங்கை உள்ளங்கால் அரிப்பதாகவும் வீட்டில் எல்லோரும் “பிள்ளைக்கு முடி வளருது” என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறார்.

தங்கை, நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தடிப்பில்லாமல் வரும் இத்தகைய அரிப்பு, பித்தம் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். ஈரல் பரிசோதனையோடு இரத்தத்திலுள்ள பித்த அமில அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது லீற்றருக்கு 100 மைக்ரோமோலையோ அதற்கு மேலோ எட்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்துக் கூடுகிறது. 40க்குக் கீழே இருந்தால் அந்த ஆபத்து ஏனைய கர்ப்பிணிகளுக்கு இருப்பதை ஒத்ததே. பிரசவத்தை எப்போது நடத்துவது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

உர்சோவைத் தருவார்கள். ஆனால் அதைத் தந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று இருக்க வேண்டாம். பிரித்தானியாவில் 33 வைத்தியசாலைகளில் 605 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை இறப்பு, குறைமாதப் பிறப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு அனுமதி ஆகியவற்றை ஒன்றாகக் கணக்கிட்டபோது, உர்சோ எடுத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கும் எடுக்காதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் அவை நேர்ந்தன. அந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதே. அரிப்பும் மிகச் சிறிதளவே குறைந்தது.

மார்ச் 4

மேலுள்ள குறிப்பு மருந்தை முற்றாகத் தள்ளிவிடுவதுபோல் தொனிக்கிறது என்று ஒரு தாதி எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2021இல் பல ஆய்வுகளின் நோயாளர் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, குழந்தை இறப்பைத் தனியாக எடுத்தால் உர்சோவால் மாற்றம் தெரியவில்லை. எழுமாற்றாகப் பிரித்து நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்து, குறைமாதப் பிறப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு நன்மை தெரிந்தது. அதனால்தான் வைத்தியர்கள் இன்னும் கொடுக்கிறார்கள், கொடுப்பது பிழையுமல்ல. கண்காணிப்பை அது ஈடுசெய்யாது என்பதே நான் சொல்ல வந்தது.

மார்ச் 11

கொட்டாஞ்சேனைத் தம்பி திரும்பவும் எழுதியிருக்கிறார். அப்பாவுக்குக் கடந்த வருடம் இரண்டு தடவை இரவில் கடும் வயிற்றுவலி வந்திருக்கிறது, வீட்டாருக்குச் சொல்லாமல் வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்திருக்கிறார். எக்ஸ்ரேயில் கல் வெள்ளையாக வட்டமாகத் தெரிகிறதாம். அப்படியானால் கல்சியம் படிந்த கல், வலியும் வந்துவிட்டது. இரண்டு வருடம் குளிசை போட்டுக் காத்திருப்பதற்கு இங்கே எந்தக் காரணமும் இல்லை. இப்போதெல்லாம் சிறு துளைகள் வழியாகவே பித்தப்பையை அகற்றுகிறார்கள், பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். பித்தப்பை இல்லாமலும் ஈரல் பித்தத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். சமிபாடு நடக்கும்.

மார்ச் 23

மருந்துப் பெயர்களைப் பற்றிப் பலர் குழம்பியிருக்கிறார்கள். ஒருவர் மருந்தகத்தில் வேறு வர்த்தகப் பெயரில் தந்ததை வேறு மருந்து என்று நினைத்து வாங்காமல் வந்திருக்கிறார். பட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உர்சோடியொக்சிகோலிக் அமிலம் என்று இருக்கிறதா, பக்கத்தில் எத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது என இந்த இரண்டையும் பாருங்கள். 150, 250, 300, 500 என்று பல அளவுகளில் வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துகள் தட்டுப்பட்ட காலத்தில், காலி வீதி நெடுகிலும் ஒவ்வொரு மருந்தகமாக ஏறி இறங்கினோம். 300 மில்லிகிராம் இல்லை, 150 இருக்கிறது என்றார்கள். எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி எடுத்தால் சரியாகிவிடும். அதைக் கணக்குப் பார்க்காமல் வழமைபோல் எண்ணி எடுத்த ஒரு வயோதிபர், மாதக்கணக்கில் பாதி அளவில் இருந்ததை அவருடைய மகள் எனக்குச் சொன்னார். வேறு சிலர் சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருவோரிடம் சொல்லி எடுப்பித்தார்கள்.

பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி நடத்தியபோது வலியுறுத்தியது, மருந்தை வர்த்தகப் பெயரால் அல்லாமல் அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்பதைத்தான். அந்தக் கொள்கை முழுதாக நின்றிருந்தால் வயோதிபர்கள் கவுண்டரில் இப்படித் தடுமாற மாட்டார்கள் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

குளிசையைப் பாதியாக உடைப்பவர்கள் உடனே தண்ணீரோடு விழுங்கிவிடுங்கள். உடைந்த பக்கம் நாக்கில் பட்டால் அந்தக் கசப்பு தேநீர் குடித்தாலும் போகாது.

ஏப்ரல் 6

இது அவசரக் குறிப்பு. ஒரு மாதத்தைத் தாண்டிய குழந்தைக்குக் கண் மஞ்சள் மாறவில்லை என்றும், புறக்கோட்டை கபோஸ் லேனில் கோரோசனை வாங்கித் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுப்பதாகவும், உர்சோவும் கொடுக்கலாமா என்றும் ஒரு பாட்டி கேட்டிருக்கிறார்.

அம்மா, குழந்தையின் மலம் என்ன நிறம் என்று பாருங்கள். வெள்ளையாகவோ, சாம்பலாகவோ, மிக வெளிறிய மஞ்சளாகவோ இருந்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை வைத்தால், நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பிறந்து 14 நாட்களுக்கு மேல் நீடிக்கும் செங்கண்மாரியை எப்படியும் காட்டியே ஆக வேண்டும். பித்தநாளம் உருவாகாமலோ அடைபட்டோ இருக்கும் குழந்தைக்கு, குடலை ஈரலோடு இணைக்கும் சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த கசாய் உருவாக்கியது. பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். நாட்கள் போகப் போக ஈரல் இறுகிவிடும். கோரோசனை என்பது மாட்டின் பித்தக் கல். அதில் பெருமளவு இருப்பது பிலிருபின், அதாவது குழந்தையின் உடலில் ஏற்கனவே மிகுந்திருக்கும் அதே பொருள். அடைப்பை அது திறக்காது. உர்சோவும் திறக்காது. அதைக் குழந்தை நிபுணர்கள் சில நிலைகளில் துணையாகக் கொடுக்கிறார்கள், அது நோய் இன்னதென்று கண்டறிந்த பிறகு நடக்க வேண்டியது. பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. இன்றைக்கே கொண்டு போங்கள்.

ஏப்ரல் 7

போயிருக்கிறார்கள். குழந்தையை வாட்டில் அனுமதித்துப் பரிசோதனைகள் நடப்பதாகப் பாட்டியின் மகன் எழுதியிருக்கிறார். மேலதிக விபரத்தை அவர்களாகச் சொன்னாலன்றி இங்கே யாரும் துருவிக் கேட்க வேண்டாம்.

ஏப்ரல் 19

“சாந்தமான மருந்து என்றீர்களே, அப்படியானால் அளவைக் கூட்டினால் விரைவாக வேலை செய்யுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெப்ரவரி 10ஆம் திகதிக் குறிப்பில் நான் எழுதிய அந்தச் சொல், சரியான அளவில் சரியான நோய்க்கு எடுக்கும்போது மட்டுமே பொருந்தும். பெரிய பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் வேறொரு நோய் இருக்கிறது, ஸ்கிளிரோசிங் கொலஞ்சைற்றிஸ். அந்த நோயுள்ள 150 பேரிடம் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் என்ற உயர்ந்த அளவைச் சோதித்தார்கள். ஈரல் நொதியங்கள் அழகாகக் குறைந்தன. ஆனால் இறப்பு, ஈரல் மாற்றுச் சிகிச்சைத் தேவை போன்ற பாரிய விளைவுகள் வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இவர்களுக்கு நேர்ந்ததால் ஆய்வையே இடைநிறுத்தினார்கள். 2009இல் அது வெளியானது. ரிப்போர்ட்டிலுள்ள எண்ணும் நோயாளியின் நிலையும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மே 4

என் நோயே உள்ள ஒருவர், ஒரு வருடம் ஒழுங்காக உர்சோ எடுத்தும் அல்கலைன் பொஸ்பட்டேஸ் இறங்கவில்லை என்று மனமுடைந்து எழுதியிருக்கிறார். சகோதரி, நீங்கள் தனியாக இல்லை. ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு உர்சோ மட்டும் போதுவதில்லை, அதனால்தான் ஒரு வருட முடிவில் பரிசோதனையை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அப்போது உர்சோவை நிறுத்துவதில்லை, அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறார்கள். பெசாபைப்ரேற்றைச் சேர்த்த பிரெஞ்சு ஆய்வு 2018இல் நல்ல பலனைக் காட்டியது. அது கொழுப்பைக் குறைக்கும் பழைய மருந்து. ஒபெற்றிகோலிக் அமிலத்துக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் 2024இல் ஐரோப்பாவில் அனுமதி மீளப் பெறப்பட்டது. அதே 2024இல் எலாபிபிரனோர், செலடெல்பார் என்ற இரண்டு புதிய மருந்துகளுக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும், எது இங்கே கிடைக்கும் என்பதை ஈரல் நிபுணரிடம் கேளுங்கள். போகும்போது முதல் ரிப்போர்ட்டிலிருந்து எல்லாவற்றையும் திகதி வாரியாக ஒரு கோப்பில் கொண்டு போங்கள். புதிதாகப் பார்க்கும் வைத்தியர் கடைசி எண்ணை மட்டும் பார்த்தால், அது ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது.

மே 18

கொலஸ்ரைரமின் தூளை எப்போது எடுப்பது என்று கேட்டவருக்கு: அது குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும் மருந்து, உர்சோவும் பித்த அமிலம்தான். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் தூள் குளிசையைப் பிடித்து வெளியே கொண்டு போய்விடும். குறைந்தது நான்கு மணித்தியால இடைவெளி விடுங்கள். நான் தூளைக் காலையுணவோடும் உர்சோவை மதியத்துக்கும் இரவுக்குமாகப் பிரித்தும் எடுக்கிறேன். நெஞ்செரிவுக்கு எடுக்கும் அலுமினியம் கலந்த அமில நீக்கிகளும் அவ்வாறே உர்சோவைப் பிடித்துக்கொள்வதால் அவற்றையும் தள்ளி வையுங்கள். வாய்வழிக் கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், கல் கரைப்பதற்காக உர்சோ போடுவதானால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் பித்தத்தில் கொலஸ்ரரோலைக் கூட்டுகிறது.